இல்லாத காருக்கு ஒரு முன் ஃபிரேம்

கிரெய்கிபர்ன், மெல்பேர்ன்
12.02.2011

மதிப்புக்குரிய மகேந்திரராசா அண்ணாவுக்கு,

முகம் தெரியாத ஒருத்தி எழுதுகிறேன். நீங்களும் வீட்டாரும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் பெயர் யோகா. ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை. சனிக்கிழமைகளில் இங்குள்ள தடுப்பு முகாமுக்குப் போய், படகில் வந்த எங்கள் ஆட்களோடு கதைத்துவிட்டு வருவேன். அங்கே யசோதரன் என்று ஒருவர் இருக்கிறார். நாற்பத்தெட்டு வயது. ஊரில், நெல்லியடியில் கராஜ் வைத்திருந்தவர். மனைவியை யுத்தத்தில் பறிகொடுத்தவர், பிள்ளைகள் இல்லை. இந்த நாட்டில் சொந்தம் யார் என்று கேட்டதற்கு உங்கள் பெயரைத்தான் சொன்னார். மாமி மகன் என்றார்.

ஒரு மாதமாக அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டால் எழும்பி வருவதில்லை. சுகம் கேட்டு வருகிற கடிதங்களைப் பாதியில் மடித்து வைத்துவிடுகிறார். சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். டொக்டர் பார்க்கிறார், மருந்து கொடுக்கிறார், அது அதன்பாட்டில் நடக்கிறது. ஆனால் நான் இருபது வருஷமாக நோயாளிகளைப் பார்க்கிறவள். வாழ்கிற எண்ணத்தையே இவர் மெல்ல மெல்லக் கைவிடுகிறார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை மட்டும் வாய் திறந்தார். நான் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனதும், "தங்கச்சி, உங்கட வாகனத்தில பெல்ட் தளர்ந்து போச்சு. சத்தம் இஞ்சவரைக்கும் கேக்குது. இறுக்குவியுங்கோ," என்றார். அதோடு சரி. மெக்கானிக்கிடம் காட்டினேன், அவர் சொன்னபடிதான் இருந்தது.

வாகனத்தைப் பற்றி ஏதாவது எழுதிப் பாருங்கள் அண்ணா. இரக்கப்பட்டு எழுதாதீர்கள். அது அவருக்குப் பிடிக்காது.

அன்புடன்,
யோகா

---

பிளாக்டவுன், சிட்னி
27.02.2011

மச்சான் யசோ,

நானும் கனகமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் பொய்தான் சொல்வாய். இருபத்தைந்து வருஷம் கடிதம் போடாதவன் இப்போது ஏன் போடுகிறான் என்று நினைப்பாய். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

பழைய கார் ஒன்றை வாங்கித் தொலைத்துவிட்டேன். 1972ஆம் வருஷத்து ஹோல்டன், ஆறு சிலிண்டர். இந்த ஊர்ப் பெடியள் மாதிரி அதைக் கழற்றிவிட்டு எட்டுச் சிலிண்டர் எஞ்சின் போடலாம் என்று ஆசை. எஞ்சின் பாரம் கூட என்பதால் முன் ஃபிரேமையும் மாற்றச் சொல்கிறார்கள். எஞ்சினும் முன் சில்லுகளும் உட்காருகிற அந்த இரும்புச் சட்டத்தைச் சொல்கிறேன். கம்பெனி இப்போது அதைச் செய்வதில்லை. வெளியில் பலபேர் செய்து விற்கிறார்கள். விற்கிறவனைக் கேட்டால் எல்லாமே திறம் என்கிறான். எனக்கு ஸ்பனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

பதில் போடாமல் விட்டால் ஏதோ ஒன்றை வாங்கி நானே பூட்டுவேன். பிறகு பிளாக்டவுன் சந்தியில் எஞ்சின் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாய்க் கிடந்தால் பழி உன்மேல்தான்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
மகேந்திரன்

---

பிளாக்டவுன்
27.02.2011

தங்கச்சி யோகாவுக்கு,

நீங்கள் செய்கிற புண்ணியத்துக்கு உங்கள் வீட்டில் நோய்நொடி வராது. யசோவுக்கு இன்றைக்கே கடிதம் போட்டுவிட்டேன். ஆனால் உங்களிடம் ஒன்றை ஒளிக்க முடியாது. காரைப் பற்றி எழுதியிருக்கிறேன், என்னிடம் காரே இல்லை. ரயிலில் போய்த் தபால் பிரிக்கிற வேலை செய்கிறவன் நான். லைசென்ஸ் எடுக்க மூன்று தரம் போய் மூன்று தரமும் வெறுங்கையோடு வந்தவன். வேலையிடத்தில் ஒருவர் பழைய கார்ப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். அதை இரவல் வாங்கி, விளங்கின மட்டுக்கும் எழுதினேன்.

என் மனைவி கனகேஸ்வரி, "அந்தாள் வாயைத் திறந்தாக் காணும். பிறகு பிடிபட்டா நான் சமாளிக்கிறன்," என்கிறாள். அவள் எதையும் சமாளிப்பாள். எனக்குத்தான் பயம். இது பொய் என்று தெரிந்தால் அவன் திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவான். தயவுசெய்து காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மகேந்திரராசா

---

மெல்பேர்ன்
09.04.2011

மகேந்திரன்,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. சுகம் கேட்காமல் விட்டதற்கு நன்றி.

அளவு இல்லாமல் நான் எதுவும் சொல்லமாட்டேன். ஃபிரேமின் இரண்டு கைகளுக்கும் இடையில் எத்தனை அங்குலம். போல்ட் ஓட்டை எத்தனை. புது எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி முன்பக்கம் தொங்குகிறதா, பின்பக்கமா. ஸ்டியரிங் பெட்டிக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவில் எவ்வளவு இடம். இவ்வளவையும் அளந்து அனுப்பு.

ஒவ்வொன்றையும் மூன்று தரம் அள. மூன்றும் ஒன்றாய் வந்தால்தான் எழுது. என் கராஜில் அதுதான் சட்டம். குத்துமதிப்பாய் எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன்.

கனகத்தைக் கேட்டதாகச் சொல்.

யசோதரன்

---

பிளாக்டவுன்
25.04.2011

மச்சான் யசோ,

உன் எழுத்தைக் கண்டதும் கனகம் சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள். நாங்கள் சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அங்கே இன்னும் மோசமாய் இருக்கும், காதை மூடிக்கொள்.

மூன்று தரம் அளந்தேன். எங்கள் வாடகை வீட்டுக் கராஜில் வெளிச்சம் போதாது, காருக்கு அடியில் கிடந்து முதுகும் பிடித்துவிட்டது. ஃபிரேமின் கைகளுக்கு நடுவில் இருபத்தொன்பதரை அங்குலம். போல்ட் ஓட்டை ஆறு. எண்ணெய்த் தொட்டி பின்பக்கம். ஸ்டியரிங் பெட்டி இடப்பக்கம் இருக்கிறது, அதற்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவில் ஒன்றேகால் அங்குலம்.

கடையில் மூன்று விதம் சொல்கிறார்கள். பழைய ஃபிரேமையே தேய்த்து, பலப்படுத்தி விற்பது ஒன்று. குழாய் இரும்பில் புதிதாய்ச் செய்து, ஸ்பிரிங்கும் சேர்த்து விற்பது இன்னொன்று. அதை மட்டும் மூன்று பேர் செய்கிறார்கள். அல்லது ஃபிரேமை அப்படியே விட்டுவிட்டு, எஞ்சினைத் தாங்குகிற கால்களை மட்டும் மாற்றலாமாம். நீயே ஒரு முடிவைச் சொல்.

அன்புடன்,
மகேந்திரன்

யசோ அண்ணா, இவர் காருக்கடியில் போனால் நான்தான் காலைப் பிடித்து இழுத்தெடுக்க வேண்டியிருக்கிறது. கெதியாய் ஒரு வழி சொல்லுங்கள். - கனகம்

---

மெல்பேர்ன்
22.05.2011

மகேந்திரன்,

இருவரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். எனக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. யோகா தங்கச்சி கம்பளித் தொப்பி ஒன்று பின்னிக் கொண்டுவந்து தந்தார். காதை மூடிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் அளவுகளைப் பார்த்தேன். நல்லாய்த்தான் அளந்திருக்கிறாய். ஸ்டியரிங் பெட்டியைப் பற்றிப் பிறகு கதைப்போம்.

முதலில் ஒன்றைச் சொல். நீ பந்தயம் ஓடப் போகிறாயா, கனகத்தை மரக்கறிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாயா? கடைக்குத்தான் என்றால் அவசரப்படத் தேவையில்லை.

தேய்த்து விற்கிற பழைய ஃபிரேமை வாங்காதே. பெயின்ற் எதையும் மறைக்கும். எஞ்சின் கால்களை மட்டும் மாற்றுவது அந்தர அவசரத்துக்குச் சரி. ஊருக்குள் பெற்றோல் வராத தடைக் காலத்தில் நானே செய்திருக்கிறேன். பழைய ஒக்ஸ்போர்ட் கார் ஒன்றுக்குள் ட்ராக்டர் எஞ்சினை இறக்கி, பிடுங்கின தண்டவாளத் துண்டில் கால் செய்து பூட்டினேன். மண்ணெண்ணெயில் ஓடியது. பிள்ளைத்தாய்ச்சிகளை மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. ஆனால் அது குலுங்கின குலுக்கலில் ஒரு பிள்ளை வழியிலேயே பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நல்ல சுகம், நான்தான் ஒரு கிழமை அந்தக் காரைத் தொடவில்லை.

ஆகவே குழாய் இரும்பில் புதிதாய்ச் செய்ததை வாங்கு. பளபளப்பைப் பார்த்து மயங்காதே. பழைய ஆறு ஓட்டையிலேயே பூட்டக்கூடியது யாருடையது என்று கேள். காரின் உடம்பை வெட்டச் சொல்கிறவனிடம் வாங்காதே, வெட்டினதை எவ்வளவு ஒட்டினாலும் பழையபடி வராது. பின்பக்கத் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்காதா என்று கேள். ஃபிரேமுக்கும் உடம்புக்கும் நடுவில் ரப்பர் தருகிறானா என்று பார். இரும்பும் இரும்பும் நேரே முட்டினால் ஒரு வருஷத்தில் ஓட்டை பெருத்துப் போகும்.

கடைசியாய், பேப்பர். இஞ்சினியர் பார்த்துக் கையெழுத்து வைத்த சான்றிதழ் கிடைக்காத ஃபிரேம், எவ்வளவு திறமான இரும்பாய் இருந்தாலும் ரோட்டில் விடமாட்டார்கள். மூலையில் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இது எனக்கு நல்லாய்த் தெரிந்த விஷயம்.

படம் ஒன்று கீறி இதோடு வைத்திருக்கிறேன். காரின் போட்டோ ஒன்று அனுப்பு. நிறம் என்ன?

யசோதரன்

---

கிரெய்கிபர்ன்
16.07.2011

அன்புள்ள மகேந்திரராசா அண்ணாவுக்கு,

கனகேஸ்வரி அக்காவின் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நல்ல சேதி. யசோ அண்ணா சாப்பிடுகிறார். சோறு குழைந்துவிட்டது, கறியில் உப்பில்லை என்று குறைகூடச் சொல்கிறார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என்னிடம் கட்டம் போட்ட கொப்பியும் அடிமட்டமும் வாங்கி, பக்கம் பக்கமாய் ஃபிரேம் கீறுகிறார். அறையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உங்கள் காரைத் தெரியும். "சிட்னிக் கார் என்ன மாதிரிப் போகுது?" என்று விசாரிக்கிறார்கள்.

ஆனால் போட்டோ வந்ததா என்று கிழமைக்குக் கிழமை என்னைக் கேட்கிறார். எனக்குப் பொய் சொல்ல வராது அண்ணா. கேட்கும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இந்தக் காரில்தான் அவருடைய உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் பொய்யை என்றைக்காவது அவிழ்க்கத்தான் வேண்டும், ஆனால் எப்படி என்று எனக்கும் தெரியவில்லை.

அன்புடன்,
யோகா

---

பிளாக்டவுன்
21.08.2011

மச்சான் யசோ,

தொப்பியோடும் தெம்போடும் இருப்பாய் என்று நினைக்கிறேன். எனக்கு இருமல், கனகம் கொத்தமல்லி அவித்துத் தந்து படுத்துகிறாள். மற்றும்படி சுகம்.

போட்டோவுக்குக் குறை நினைக்காதே. கமரா பழுது. கராஜில் வெளிச்சமும் இல்லை. நிறம் ஒரு மாதிரி மங்கல் நிறம், பார்க்கிற நேரத்தைப் பொறுத்தது.

நீ சொன்னபடி மூன்று பேரையும் கேட்டேன். ஒருவர் உடம்பை வெட்ட வேண்டும் என்றார். "பேப்பர் எல்லாம் பிறகு பாக்கலாம்" என்ற மாதிரி இன்னொருவர் கதைத்தார். கடைசி ஆள் ஆறு ஓட்டைக்கும் சரியாய் வரும், ரப்பரும் தருவேன், இஞ்சினியர் கடிதமும் தருவேன் என்றார். அதையே சொல்லி வைத்துவிட்டேன். வர மாதக்கணக்கில் ஆகுமாம்.

உன் படத்தை வேலையிடத்தில் கார்ப் பைத்தியம் ஒருவருக்குக் காட்டினேன். யார் கீறியது, வேலைக்கு வருவாரா என்று கேட்டார். என் மச்சான் என்று சொன்னேன். அப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாய் இருந்தது.

அன்புடன்,
மகேந்திரன்

---

மெல்பேர்ன்
03.12.2011

மகேந்திரன்,

உன் இருமல் இதற்குள் மாறியிருக்கும். இரண்டு கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. விசாரணை, கடுதாசி என்று அலைச்சல். எனக்குச் சுகம்.

இங்கே சிலரை வெளியில் விடப் போகிறார்கள். பிரிட்ஜிங் விசா என்று பெயர். என் பெயரும் வரலாம் என்று கேஸ் பார்க்கிறவர் சொன்னார். போனால் எங்கே தங்குவாய் என்று கேட்டார். இந்த ஊரிலேயே ட்ருகனினாவில் ஐந்து பெடியள் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறார்கள், பக்கத்தில் கிடங்குகளில் வேலை எடுக்கலாமாம். என்னையும் கூப்பிட்டார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உன் ஃபிரேம் வந்துவிட்டதா? பூட்ட இரண்டு கிழமை போதும். எஞ்சினைத் தூக்க ஒரு சங்கிலி, முட்டுக்கொடுக்க நாலு கட்டை, அவ்வளவுதான். உங்களுக்கு இடைஞ்சல் இல்லையென்றால், நான் ஒருக்கால் வந்து பூட்டித் தரலாம். யோசித்துச் சொல். அவசரமில்லை.

யசோதரன்

---

பிளாக்டவுன்
11.12.2011

மச்சான் யசோ,

நீ வெளியில் வரப் போகிறாய் என்று படித்ததும் நாங்கள் இருவரும் குசினியில் நின்றபடியே கும்பிட்டோம். நீ எப்போதும் சுகமாய் இருக்க வேண்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சத்தைப் படித்தபிறகு என் முகத்தில் நீ முழிக்காமல் விடலாம்.

கார் இல்லை மச்சான். ஒருநாளும் இருந்ததில்லை. எஞ்சினும் இல்லை, நான் எந்த ஃபிரேமையும் சொல்லி வைக்கவும் இல்லை. விற்கிற மூன்று பேரையும் போனில் கேட்டது மட்டும் உண்மை. நீ சாப்பிடாமல் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீ வாகனத்துக்குத்தான் வாய் திறப்பாய் என்றார்கள், எழுதிவிட்டேன். பிறகு நிற்பாட்டத் தெரியவில்லை.

நேற்று அந்தக் கார்ப் பைத்தியத்தைக் கூட்டிக்கொண்டு பழைய ஹோல்டன் ஒன்றை வாங்கவும் புறப்பட்டேன். கனகம் வாசலில் மறித்துவிட்டாள். "ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முண்டு குடுக்காதேங்கோ. அந்த மனிசன் உங்களை நம்பினது. உள்ளதைச் சொல்லுங்கோ," என்றாள். அவள் சொன்னதுதான் சரி. நம்பினவனை ஏமாற்றிவிட்டேன். என்னோடு கோபி, பேசு. சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

மன்னிப்புக் கேட்கும்,
மகேந்திரன்

---

மெல்பேர்ன்
11.12.2011

மச்சான்,

எனக்குச் சுகம். நல்ல சுகம். போன கடிதத்தைப் போட்டதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அதைப் படித்துவிட்டு நீ பதறிக்கொண்டிருப்பாய். ஓடிப்போய் எங்கேயாவது துருப்பிடித்த கார் ஒன்றை வாங்கிவிடாதே. உன்னிடம் கார் இல்லை என்பது எனக்குச் சித்திரை மாதமே தெரியும்.

ஸ்டியரிங் பெட்டி இடப்பக்கம் என்று எழுதினாய். அட விசரா, இந்த நாட்டில் சாரதி எந்தப் பக்கம் இருக்கிறான்? நீ ரோட்டைப் பார்ப்பதே இல்லையா? ஓட்டுகிறவன் வலப்பக்கம் என்றால் இந்தக் காரில் பெட்டியும் வலப்பக்கம்தான். எங்கேயோ அமெரிக்கக் காரின் அளவைப் பார்த்துக் கொப்பியடித்திருக்கிறாய். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். என் கணக்கைப் பார்த்து எழுதும்போது என் பிழையையும் சேர்த்து எழுதுவாய்.

முதலில் கோபம்தான் வந்தது. கிழிக்கத்தான் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். பிறகு யோசித்தேன். சைக்கிள் செயினைக்கூடப் போடத் தெரியாதவன் எனக்காகக் குந்தியிருந்து, எண்ணெய்த் தொட்டி முன்பக்கமா பின்பக்கமா என்று படித்திருக்கிறான். இல்லாத காருக்கு அடியிலிருந்து கனகம் உன்னைக் காலைப் பிடித்து இழுத்தெடுத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நாட்டில் கால் வைத்து அன்றைக்குத்தான் சிரித்தேன். அன்றைக்கு மத்தியானம் சோறு இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

தெரிந்துவிட்டது என்று காட்டினால் நீ வெட்கப்பட்டு எழுதாமல் விட்டுவிடுவாய். அதனால் நானும் உன் காரை நம்பினேன். போட்டோ கேட்டது மட்டும் உன்னைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கத்தான். உன் கடிதம் வரும் நாளை எண்ணிக்கொண்டு இருந்தேன் மச்சான்.

ஃபிரேம் பூட்ட வருகிறேன் என்று எழுதினேன். வேறு விதமாய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். கார் இல்லையென்றால் உன் கராஜ் சும்மாதானே கிடக்கும். அறை வேண்டாம். நாலுபேரோடு அடைபட்டுப் படுத்தது எனக்குக் காணும். நானே திறந்து நானே மூடுகிற கதவு ஒன்று இருந்தால் போதும். நீளமும் அகலமும் எழுது. இடம் இல்லையென்றால் இல்லை என்று எழுது, கோபிக்கமாட்டேன். ஆனால் இந்தத் தரம் நீயே போய் அள.

அன்புடன்,
யசோ

---

பிளாக்டவுன்
15.12.2011

மச்சான் யசோ,

நீ சுகம் என்று எழுதினால் இனி நம்புவேன். நாங்களும் சுகம். என் கடிதமும் உன் கடிதமும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. தபால் பிரிக்கிறவனுக்கே இந்த நிலைமை.

கனகம் உன் கடிதத்தின் முதல் சொல்லை மட்டும் இரண்டு தரம் வாசித்தாள். "மச்சான் எண்டு எழுதியிருக்கிறார்," என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய் அழுதாள். நானும் போய் அழுதேன். பிறகு இரண்டு பேரும் கராஜைத் திறந்தோம்.

பத்து வருஷத்துக் குப்பையை வெளியில் எடுத்துப் போட்டோம். உடைந்த கதிரை மூன்று, எனக்கே தெரியாமல் நான் சேர்த்துவைத்த பெட்டிகள் பதினொன்று. மேலே தூக்கித் திறக்கிற தகரக் கதவு. இறுகிக் கிடந்தது, எண்ணெய் விட்டேன். இப்போது ஒரு கையால் தூக்கலாம். உள்ளேயிருந்தும் திறக்கும். கதவுப் பூட்டின் திறப்பை யோகா தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறேன், வெளியில் வருகிற அன்றைக்கு உன் கையில் தருவார். நீ அறையில்தான் படுக்க வேண்டும் என்று கனகம் சண்டை பிடிக்கிறாள். அதை நீ வந்து அவளோடு பேசித் தீர்த்துக்கொள், என்னால் முடியாது.

நீளம் பத்தொன்பது அடி நாலு அங்குலம். அகலம் பத்தடி இரண்டு அங்குலம். நாடாவின் மற்ற நுனியைக் கனகம் பிடித்தாள். இரண்டாம் தரம் அரை அங்குலம் பிசகியது, அதனால் நாலாம் தரமும் அளந்தோம்.

கட்டிலை வலப்பக்கச் சுவரோடு போட்டிருக்கிறேன். வலப்பக்கம்தான் மச்சான். போய் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன்,
மகேந்திரன்